ஐந்து கணினிக்கு டேலி: கவுண்டர் மெஷினே போதுமா, தனி சர்வர் வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தான்
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெயிண்ட், பைப் ஃபிட்டிங்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் இதுவரை சில்வர், ஒரே மெஷின். இப்போது பல மெஷினில் ஓடும் கோல்டு எடுத்தாயிற்று. கவுண்டரில் இரண்டு, குடோனில் ஒன்று, மாடி ஆபீஸில் இரண்டு என ஐந்து கணினி. டேட்டாவைக் கவுண்டர் மெஷினில் வைத்து ஷேர் செய்தால் போதும் என்கிறார் ஒருவர். தனியாக ஒன்று வையுங்கள் என்கிறார் இன்னொருவர். வயர் இழுப்பதா, வைஃபையே போதுமா என்றும் சொல்லுங்கள்.

வில்லியனூர் சர்வீஸ்
ஐந்து கணினிக்குத் தனி சர்வர் தண்டச்செலவு. விண்டோஸ் 11 ப்ரோ போட்ட சாதாரண மெஷினே ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை ஷேர் கொடுக்கும். உங்களுக்கு வேண்டியது நாலு. இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போடுங்கள், ஐபியை (நெட்வொர்க் முகவரியை) நிலையாகக் கொடுங்கள், மற்ற நாலிலும் டேலி டேட்டா ஃபோல்டரை மேப் செய்யுங்கள் (அந்தந்த மெஷினின் டிரைவ் போலத் தெரியும்). லைசன்ஸுக்காக ஃபயர்வாலில் 9999 போர்ட்டைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். மிச்சமாகும் பணத்தில் நல்ல யுபிஎஸ் வாங்குங்கள்.

உப்பளம் கணக்கர்
சார், 20 இணைப்பு சரிதான். ஆனால் அந்த மெஷின் முன்னால் யார் உட்காருகிறார் என்று பார்க்க வேண்டாமா? ராத்திரி கடை சாத்தும்போது பில் போடும் பையன் பழக்கதோஷத்தில் கணினியை அணைத்துவிட்டுப் போவான். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) கடைசித் தேதி நெருங்கும் நேரம், மாடியில் ஒருவர் வவுச்சர் (கணக்குப் பதிவு) போட்டுக்கொண்டிருப்பார். பாதி எழுதும்போது டேட்டா இருக்கிற மெஷின் அணைந்தால் டேலியில் கம்பெனி (கடைக் கணக்கு) திறக்காமல் போகலாம். ரிப்பேர் போட்டு மீட்டாலும் கடைசியாகப் போட்டவை எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மெஷின் மாட்டியவர் இல்லை, கணக்கு எழுதுகிற நாங்கள்தான். போதாததற்கு, வாட்ஸ்அப்பில் வரும் கண்ட கோப்பையும் திறப்பது, பென்டிரைவ் செருகுவது எல்லாம் அதே கவுண்டர் மெஷினில்தான்.

வில்லியனூர் சர்வீஸ்
அணைப்பதுதான் பிரச்சினை என்றால் பவர் பட்டனை வேலை செய்யாமல் வைக்கலாம், ஸ்லீப்பை நிறுத்தலாம். பத்து நிமிட வேலை. வைரஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். ஃபோல்டர் மேப் ஆகியிருந்தால் ஐந்தில் எந்த மெஷினில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தாலும் அந்த ஃபோல்டரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். தனி சர்வர் அதைத் தடுக்காது.

உப்பளம் கணக்கர்
அதை ஒப்புக்கொள்கிறேன். ஃபோல்டர் பயனர் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால் டேலிபிரைம் சர்வர் என்று தனியாக விற்பதை வாங்க வேண்டும். ஐந்து பேருக்கு அது அதிகம். ஆகவே தினமும் பேக்கப் எடுத்து, எடுத்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். செருகியபடியே விட்டால் அதுவும் போகும். ஆனால் அணைக்கிற விஷயத்தில் நான் மாற மாட்டேன். மெஷின் தொங்கினால் பையன் பின்னால் இருக்கும் சுவிட்சையே அணைப்பான். அதற்கு என்ன செட்டிங் இருக்கிறது?

முதுநகர் கேபிள்
வயர் பற்றி யாரும் பேசவில்லையே. வைஃபை வேண்டாம். டேலி ஒவ்வொரு முறையும் ஷேர் ஃபோல்டரில் போய்ப் படித்து எழுதுகிறது. சிக்னல் ஒரு நொடி விட்டாலும் நடுவில் அறுந்துவிடும், அதிலும் குடோனில் இரும்பு ஷட்டர் இருக்கும். கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுங்கள், வயர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் போதும். சுத்தச் செம்பு கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய சிசிஏ மலிவாகக் கிடைக்கும், கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும். வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர் உப்புக்காற்று. மலிவு கனெக்டர் போட்டால் பின்னில் பச்சைக் களிம்பு ஏறும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நாலு ஜோடி வயரும் வேண்டும். ஒரு ஜோடி கெட்டாலும் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம். நெட் வருகிறதே என்று யாரும் கவனிக்க மாட்டார்கள், டேலி மட்டும் மெதுவாகும். கடற்கரைப் பக்கம் உள்ள கடைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

லாஸ்பேட்டை
இவ்வளவு பாடு எதற்கு? கிளவுடில் போட்டுவிடுங்கள். 2015 வெள்ளம் மாதிரி வந்தால் கடையில் இருக்கிற மெஷின் மூழ்கிப்போகும்.

முதுநகர் கேபிள்
தண்ணீருக்குப் பயந்தால் மாடியில் வைக்கலாம் தம்பி. இன்டர்நெட் லைன் போனால் கிளவுடை வைத்து என்ன செய்வீர்கள்? 2011 டிசம்பர் 30, தானே புயல். இங்கே பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் போன மறுநாள்தான் ஆணி, தகரம், கயிறு என்று ஊரே ஹார்டுவேர் கடைக்கு வரும். அன்றைக்கு ஜெனரேட்டர் போட்டால் உள்ளூர் மெஷினில் பில் அடிக்கலாம். பேக்கப்பின் ஒரு பிரதிக்குக் கிளவுட் நல்லது, அதை மறுக்கவில்லை.

மஞ்சக்குப்பத்தான்
இரண்டு மெஷினை வைத்துச் சோதித்தேன். ஷேர் தெரிகிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறது.

வில்லியனூர் சர்வீஸ்
முதலில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா பாருங்கள், ‘பிரைவேட்’ ஆக்குங்கள். அப்புறம் பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்திவிட்டு ‘எவ்ரிஒன்’ (யாரும் திறக்கலாம்) கொடுங்கள்.

உப்பளம் கணக்கர்
முதல் பாதி சரி. இரண்டாவதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பு முதல் பாஸ்வேர்டு இல்லாத ஷேரை ஏற்பதே இல்லை. ஏற்க வைக்கப் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும். அதற்குப் பதிலாக டேட்டா மெஷினில் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் உருவாக்கி, மற்ற நாலிலும் அதை ஒருமுறை சேமித்துவிடுங்கள்.

டேலிக்குள்ளும் ஆளுக்கொரு ஐடி கொடுங்கள். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் (யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு) கட்டாயம். ஐந்து பேரும் ஒரே ஐடியில் நுழைந்தால், பில்லைத் திருத்தியது யார் என்று அந்த லாக் எப்படிச் சொல்லும்?

மஞ்சக்குப்பத்தான்
மாடியில் சும்மா கிடக்கிற பழைய மெஷினை டேட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். புதிதாக வாங்க வேண்டாம், ஐந்து பேரில் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். வயரும் இழுத்துவிடுகிறேன்.

வில்லியனூர் சர்வீஸ்
அது விண்டோஸ் 10 என்றால் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது. 11 ஏறாவிட்டால் என் யோசனைதான் உங்களுக்கு மலிவு, இப்போதும் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான்
ஐ5, எட்டாம் தலைமுறை.

உப்பளம் கணக்கர்
ஏறும். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், சார் சொன்னது அதில் சரி. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும்போது, எல்லா மெஷினிலும் டேலியை மூடிவிட்டு டேட்டாவை மாற்றுங்கள்.