அண்மையில் படித்த அறிவியல் புனைகதைகளில் எது உங்களை விடாமல் பிடித்துக்கொண்டது?

டொங்காட் வாசகி:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து டொங்காட்டில் இருக்கும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு அடுத்த நாவலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்தத் தடவை என்னிடம் வந்திருக்கிறது. அறிவியல் புனைகதை என்பது வரை முடிவாகிவிட்டது. எந்த நாவல் என்பதில்தான் உங்கள் உதவி வேண்டும்.

நான் கடைசியாக முடித்தது ஆக்டேவியா பட்லரின் 'பாரபிள் ஆஃப் த சோவர்'. 1993இல் வந்த புத்தகம், கதை தொடங்குவதோ 2024 ஜூலையில். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சின்ன ஊர். ஒரு தெருவைச் சுற்றி மதில், உள்ளே சில குடும்பங்கள். அங்கே வளரும் லாரன் ஒலமினா என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் நாட்குறிப்பாகக் கதை போகிறது. போலீஸைக் கூப்பிட்டால் காசு, தீயணைப்பு வண்டிக்கும் காசு. பெட்ரோலைவிடத் தண்ணீர் பல மடங்கு விலை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் குழாய் காய்ந்து கிடந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். லாரி சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாளியோடு ஓடுவோம். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்துக்கு முதல் அலசல். அதே தண்ணீர் அப்புறம் கழிப்பறைக்கு. என் மாமியார் மட்டும் கறிவேப்பிலைச் செடிக்கென்று தினம் ஒரு சொம்பு தனியாக எடுத்து வைப்பார், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. பட்லர் எழுதுவது இந்த மாதிரிச் சங்கதிகளைத்தான். ஓக் மரத்துக் கொட்டையை மாவாக்கி ரொட்டி சுடுகிறார்கள். ஒருநாள் ஓட வேண்டிவரும் என்று லாரன் ஒரு மூட்டையைக் கட்டித் தயாராக வைத்திருக்கிறாள். ஊர் எப்படி இடிந்தது என்று பக்கம் பக்கமாக விளக்காமல், சாப்பாட்டையும் பூட்டையும் காட்டியே சொல்லிவிடுகிறார்.

இன்னொரு விஷயம் என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. மதிலுக்குள் இருப்பவர்கள் முறைபோட்டு இரவுக் காவல் காக்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் நம் தெருக்களில் நடந்ததும் அதுதான்: முனையில் டயரும் மரக்கிளையும் போட்டு அடைத்து, ஆண்கள் விடிய விடிய நின்றார்கள். 300 பேருக்கு மேல் செத்துப்போன நாட்கள் அவை. பயந்ததும் உண்மை, அந்தப் பயத்தில் நடந்த கொடுமைகளும் உண்மை. பட்லர் இரண்டையும் விடவில்லை. லாரனுக்கு ஒரு பிறவிக் கோளாறு, அடுத்தவர் வலியைப் பார்த்தால் அவளுக்கும் அதே வலி வரும். யாரையாவது அடித்துத் தப்பிக்க வேண்டுமானால் அந்த அடியை அவளும் வாங்கியாக வேண்டும். உள்ளே இருப்பவர்களின் பயம் நியாயம் என்று காட்டிய கையோடு, வெளியே நிற்பவனின் உடம்பையும் நம்மை உணரவைக்கிறார். இதைச் செய்த வேறு நாவல் எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. (அவள் உண்டாக்கும் புது மதத்தின் பாக்கள் மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை. அந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்தேன்.)

இப்படி அன்றாட வாழ்க்கை கையில் தட்டுப்படுகிற அறிவியல் நாவல் வேறு எது? விண்வெளிக் கப்பல் கதைகள் சிலதை எடுத்துப் பார்த்தேன், பாதிகூட ஓடவில்லை.

மேசைமலை:

அக்கா, கேப்டவுனிலிருந்து எழுதுகிறேன். 2018 வறட்சியில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று அளந்து வாழ்ந்தவர்கள் நாங்கள், அதனால் நீங்கள் சொன்ன வாளிக் கணக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் விண்வெளிக் கதைகளை அப்படித் தள்ளிவிடாதீர்கள். ஆன்டி வியரின் 'புராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021) படித்தீர்களா? சூரியனின் ஒளியை ஒரு நுண்ணுயிர் தின்றுகொண்டிருக்கிறது. தீர்வு தேடி வேறொரு நட்சத்திரத்துக்குப் போன கப்பலில் ஒரே ஒரு ஆள் பிழைத்திருக்கிறார், பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்தவர். கதையின் பாதி ரகசியத்தை இங்கே உடைக்கப் போகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.

அதே நட்சத்திரத்துக்கு இன்னோர் உலகத்திலிருந்தும் கப்பல் வந்திருக்கிறது. அதிலும் மிஞ்சியது ஒரே ஒருவன், ராக்கி. அவன் உலகத்துக் காற்று கொதிக்கும் அம்மோனியா. அது அவ்வளவு கனம் என்பதால் வெளிச்சம் தரைக்கு வருவதே இல்லை. அதனால் அவர்களுக்குக் கண் கிடையாது, எல்லாம் ஒலிதான், பேச்சே ஸ்வரக்கோவையாக வருகிறது. அந்தக் கனத்த காற்று கதிர்வீச்சையும் தடுத்துவிடுவதால் அப்படி ஒன்று இருப்பதே அந்த இனத்துக்குத் தெரியாது. விண்வெளிக்கு வந்ததும் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக நோயில் விழுந்து செத்தார்கள், ஏன் என்று ராக்கிக்குப் புரியவில்லை. அவன் எந்திரம் பார்க்கிறவன், எரிபொருளுக்குப் பக்கத்திலேயே கிடந்ததால் அதுவே அவனுக்குக் கவசமாகிவிட்டது. இந்த மனிதர் அவனுக்குக் காரணத்தை எடுத்துச் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. ஒரு கிரகத்தின் காற்றிலிருந்து தொடங்கி ஒருவனின் துக்கம் வரை ஒரே கோடாகப் போகிறது. நான் சிவில் இன்ஜினியர், கணக்குச் சரியாக வரும் கதைகளைத் தேடிப் படிக்கிறவன். கணக்கு வழியாகவே அழவைத்தது இந்த நாவல்தான்.

நடுநடுவே வரும் பூமிக் காட்சிகள் கொஞ்சம் சப்பை. ராக்கி வரும்வரை பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஜோபர்க் பறவை:

உள்ளூர்க் கதை ஒன்றை யாருமே சொல்லவில்லையே! லாரன் ப்யூக்ஸின் 'ஜூ சிட்டி', 2010இல் வந்தது, அடுத்த வருடம் ஆர்தர் சி. கிளார்க் விருது வாங்கியது. பெருங்குற்றப் பழி சுமப்பவர்களோடு ஒரு விலங்கு வந்து ஒட்டிக்கொள்ளும் உலகம். நாயகி ஜின்ஸி டிசம்பர் முதுகில் தேவாங்கு மாதிரி மெதுவாக நகரும் 'ஸ்லாத்' என்ற விலங்கைச் சுமந்துகொண்டு ஜோஹன்னஸ்பர்க்கின் ஹில்புரோவில் அலைகிறாள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கடனை அடைக்க மோசடி மின்னஞ்சல்களும் எழுதித் தருகிறாள். அறிவியல் குறைவு, மாயம் அதிகம் என்று மேசைமலை அடிக்க வருவார். வரட்டும். ஹில்புரோவை உடம்போடு எழுதியிருக்கிறார், எனக்கு அது போதும். முடிவு மட்டும் அவசரமாக வருகிறது.

கரும்புத்தோட்டம்:

மகளே, பட்லர் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அவருடைய 'கிண்ட்ரெட்' (1979) படி. 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், அடிமை முறை இருந்த காலத்து மேரிலாண்டுக்குத் திடீர் திடீரென இழுக்கப்படுகிறாள். ரூஃபஸ் என்ற வெள்ளைக்காரப் பையனின் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இவள் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவன் இவளுடைய முப்பாட்டன். அவன் பிழைத்தால்தான் இவள் வம்சமே உண்டு. எந்திரம் கிடையாது, விளக்கமும் கிடையாது. பட்லரே இதை அறிவியல் புனைகதை என்று சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் வட்டத்துக்கு இதைத்தான் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இங்கே டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண். என் பாட்டனாரின் அப்பாவுக்கும் இருந்தது, கப்பல் பட்டியலில் அந்த வரியின் நகல் என் பீரோவில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் டேனா அந்தப் பண்ணையில் அடுக்களை வேலைக்குப் பழகிப்போகும் வேகம் இருக்கிறதே, படித்தவள், எழுத்தாளர், சில வாரத்தில் தலைகுனிந்து நடக்கக் கற்றுக்கொள்கிறாள். கூலிகளை வேலை வாங்கிய சர்தாருக்கு (கங்காணிக்கு) முன்னால் நம் ஆட்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சவுக்கடிக் காட்சிகள் கடுமையானவை. இளவட்டங்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கொடு. பிள்ளை பெறவே அரசின் அனுமதி கேட்க வேண்டிய நாடு, புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ, எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் என் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். அவர்களும் தட்டுத் தடுமாறி ஜீனோ பேசும் இடங்களைச் சத்தமாக வாசித்து முடிக்கிறார்கள்.

டொங்காட் வாசகி:

ஐயா, உங்கள் பதிலை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் வழியிலும் கரும்பு வெட்ட வந்தவர்கள்தான், எண் என்னவென்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். 'கிண்ட்ரெட்' என்று முடிவு செய்துவிட்டேன். சவுக்கடிக் காட்சிகள் பற்றி முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

மேசைமலை, ராக்கிக்கு அந்தக் காரணம் புரியும் இடத்தை நீங்கள் எழுதியதே போதும், புத்தகத்தை எடுத்துவிடுவேன். பறவை, 'ஜூ சிட்டி' அதற்கடுத்த சுற்றுக்கு.

கூட்டம் டொங்காட்டில் எங்கள் வீட்டில், மாதக் கடைசி ஞாயிறு. ஐயா, அந்தக் கப்பல் பட்டியல் நகலை எடுத்துக்கொண்டு வர முடியுமா? பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வேறு யாராவது வருவதாக இருந்தால் ஐயாவையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். 'கிண்ட்ரெட்' கூடுதல் பிரதி வைத்திருப்பவர்களும் இங்கேயே சொல்லுங்கள்.