ஓ.எம்.ஆர். மைல்கல்லில் 49ஏ என்று போட்டிருக்கிறதே, அந்தச் சாலையின் கதை என்ன?

காரப்பாக்கம் குடித்தனக்காரன்:

மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்தவன் நான். தினமும் ஆபீஸுக்குப் போவதும் வருவதும் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில்தான். ஆனால் சோழிங்கநல்லூருக்குத் தெற்கே அதிகம் போனதில்லை. சமீபத்தில் நண்பர்களோடு சைக்கிளில் திருப்போரூர் வரை போனோம். சிறுசேரி தாண்டியதும் பச்சைத் தலை மைல்கற்கள், அதில் மாநில நெடுஞ்சாலை 49ஏ. அதுவரை இது ஒரு நெடுஞ்சாலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஏதோ ஐ.டி. கம்பெனிகளுக்காகப் போட்ட ரோடு என்றுதான் நினைத்திருந்தேன்.

இது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? 49 எது? ‘பழைய மகாபலிபுரம் சாலை’ என்றால் புதியது எது? சிறுசேரி வரை அகலமாக வந்துவிட்டு அப்புறம் ஏன் வேறு ரோடு மாதிரி ஆகிவிடுகிறது? தேடிப்பார்த்தால் ஃப்ளாட் விற்கிற விளம்பரம்தான் வந்து குவிகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீக்எண்ட் ரைடர்:

மத்திய கைலாஷில் தொடக்கம், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் முடிவு. சுமார் 45 கி.மீ. 49 என்பது ஈ.சி.ஆர்., அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. பூஞ்சேரியில் இது அதோடு சேர்ந்துவிடும். 1998க்கு முன்னால் கடலோரத்தில் ரோடே கிடையாது, எல்லோரும் இந்த வழியாகத்தான் மாமல்லபுரம் போனார்கள். அதனால்தான் பழைய மகாபலிபுரம் சாலை. 2008ல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள், யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நாவலூரில் டோல் கட்ட வேண்டும், சைக்கிளுக்கு இல்லை, கவலைப்படாதீர்கள்.

ரிட்டயர்டு கண்டக்டர்:

தம்பி, நான் பல்லவனில் சேர்ந்து, அது மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆன பிறகு ஓய்வுபெற்ற கண்டக்டர். சர்வீஸில் பெரும்பகுதி கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் போகிற பஸ்ஸில்தான் கழிந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே நண்பர் சொன்ன ஒரு விஷயம். 1998க்கு முன்னால் கடலோரத்தில் ரோடே இல்லை என்பது சரியில்லை. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் 1966ல் வந்தது. வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976. ரோடு இல்லாமலா பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேன் வேனாக முதலை பார்க்கக் கூட்டிப்போனார்கள்? திருவான்மியூரிலிருந்து கோவளம் வழியாக ஒரு கடலோரச் சாலை அப்போதே இருந்தது. 1990களில் அதையும், அங்கங்கே மீனவக் கிராமங்களை இணைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன ரோடுகளையும் ஒன்றாக்கிப் புதுச்சேரி வரை கொண்டுபோனார்கள். 2002ல் அதில் டோல் போட்டார்கள். அதுதான் நீங்கள் சொல்லும் ஈ.சி.ஆர். கடலோரத்தில் ஒன்று வந்ததும் உள்ளே இருந்தது பழசாகிவிட்டது. அவ்வளவுதான் அந்தப் ‘பழைய’.

இப்போது ரூட். சர்தார் படேல் சாலையிலிருந்து மத்திய கைலாஷில் தெற்கே திரும்பினால் 49ஏ ஆரம்பம். அந்தக் கோயிலில் ஆதியந்தப் பிரபு என்று ஒரு சாமி உண்டு, பாதி பிள்ளையார், பாதி ஆஞ்சநேயர். டிரைவர்கள் பலரும் அங்கே ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் டைடல் பார்க், எஸ்.ஆர்.பி. டூல்ஸ், கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம், தையூர், காலவாக்கம், திருப்போரூர், ஆலத்தூர், பையனூர், பூஞ்சேரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை மாறாது.

என் காலத்தில் இந்த பஸ்ஸில் வேலை என்பது டிக்கெட் கிழிப்பதை விட லக்கேஜ் சண்டைதான். நுங்குக் கூடை, சவுக்கு விறகுக் கட்டு, கோவளத்திலிருந்து மீன் கூடை. மீன் கூடைக்குக் கீழே சாக்கு போட்டிருந்தாலும் தண்ணீர் சொட்டும். சொட்டினால் பின் சீட்டுக்காரர் கத்துவார், ஏற்ற மாட்டேன் என்றால் கூடைக்காரம்மா கத்துவார். கேளம்பாக்கத்தில் உப்பளத்து ஆட்கள் ஏறினால் காலைப் பார்த்தே தெரிந்துவிடும். முழங்கால் வரை வெள்ளையாகப் பூத்திருக்கும், குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அவர்கள் கொடுக்கிற காசு கூட ஈரமாகத்தான் இருக்கும்.

கிருத்திகை அன்று திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போகிற கூட்டம் தனி. போகும்போது காவடி, பால்குடம். வரும்போது மொட்டைத் தலையும் சந்தனமும். பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் ஆள் மேல் ஆள் உரசி என் சட்டை, பை, விரல் எல்லாம் சந்தனம் அப்பிவிடும். டிக்கெட் கட்டு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு ஒன்று கிழித்தால் இரண்டு வரும். ராத்திரி டிப்போவில் கணக்குக் கொடுக்கும்போது கிளார்க் டிக்கெட் கட்டை மோந்து பார்த்தே “திருப்போரூரா?” என்பார்.

கம்பெனிகள் வந்துதான் இந்த ரோடு வளர்ந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னாலேயே காலேஜ்கள் வந்துவிட்டன. படூரில் ஹிந்துஸ்தான் 1985. 80களின் கடைசியில் சத்யபாமா. 1996ல் காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். சுற்றிலும் பனையும் சவுக்கும்தான், நடுவில் திடீரென்று ஒரு பெரிய கேட் இருக்கும். ஃபுட்போர்டில் தொங்கிய பையன்களில் எத்தனை பேர் பிற்பாடு அதே ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்களோ!

2000 ஜூலையில் டைடல் பார்க்கைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதை எல்லோரும் எழுதுவார்கள். அதே 2000 வாக்கில்தான் நகரத்துக்கு நடுவே குடிசைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகரில் குடிவைத்தார்கள். வேலை மயிலாப்பூர், சேத்துப்பட்டு, வீடு இங்கே. விடியற்காலை முதல் பஸ்ஸை நிரப்பியது அவர்கள்தான். இந்தச் சாலையின் கதை எழுதுகிறவர்கள் அதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சாலையை அகலப்படுத்தியது பற்றி எனக்கு ஆபீஸ் விவரம் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

துரைப்பாக்கம் சிவில்:

ஐயா எழுதியதைப் படித்ததும் இந்தப் பக்கத்தை மூடவே மனம் வரவில்லை. ஆபீஸ் பக்கத்தை நான் சொல்கிறேன். சாலை, வடிகால் வேலைகளில் இருக்கிறேன்.

மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரையான சுமார் 20 கி.மீ.தான் ‘ஐ.டி. காரிடார்’ முதல் கட்டம். தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் இதற்கென்றே ஒரு துணை நிறுவனம் தொடங்கி ஆறு வழியாக்கியது. 2008ல் அது முடிந்தபோதுதான் ராஜீவ் காந்தி பெயர் வந்தது. சிறுசேரிக்குத் தெற்கே மீதி 25 கி.மீ. இரண்டாம் கட்டம். கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் பைபாஸ் போடும் திட்டமும் அதில்தான். நீங்கள் பார்த்த ‘வேறு ரோடு’ அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்கிறது. நிர்வாக எல்லையும் ஏறக்குறைய அங்கேதான். 2011ல் மாநகராட்சியை விரித்தபோது செம்மஞ்சேரியோடு நிறுத்திக்கொண்டார்கள், நாவலூர் வெளியே நின்றுவிட்டது. இப்போது அது செங்கல்பட்டு மாவட்டம்.

டோல் பற்றி: நாவலூரில் இப்போது இல்லை. பெருங்குடி முதலான நான்கு சாவடிகளை மெட்ரோ வேலைக்காக 2021 ஆகஸ்ட் கடைசியில் மூடினார்கள். நாவலூர் மட்டும் இழுத்துக்கொண்டே போய் 2023 அக்டோபரில் நின்றது.

ஆனால் இந்தச் சாலையில் என்னை ஈர்ப்பது அகலம் இல்லை, அது போகும் இடம். வரைபடத்தை எடுத்து கிழக்கு மேற்காகப் பாருங்கள். கடல், மணல் மேடு, அதில் ஈ.சி.ஆர். அதற்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் மேற்கே ஓ.எம்.ஆர். அதைத் தாண்டினால் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் வரிசையாக ஏரிகளும். இரண்டு தண்ணீருக்கு நடுவில் கிடைத்த ஒடுக்கமான மேட்டில்தான் இந்தச் சாலை ஓடுகிறது. பழைய காலத்தில் வேறு எங்கே போட்டிருந்தாலும் மழைக்கு நின்றிருக்காது.

சிக்கலும் அங்கேதான். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்கிற ஓடை வழியாக ஓ.எம்.ஆருக்கு அடியில் புகுந்து பக்கிங்காம் கால்வாயில் விழ வேண்டும். பிறகு கால்வாயில் தெற்கே போய் முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். அதாவது மேற்கிலிருந்து வரும் தண்ணீருக்கு ஓ.எம்.ஆர். ஒரு குறுக்குக் கரை. கேள்வி கேட்டவர் காரப்பாக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன், உங்கள் வீட்டிலிருந்து மடுவுப் பாலம் பக்கம்தான். சாதாரண நாளில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, பாலம் என்றே தெரியாமல் கடந்துபோவீர்கள். 2015லும் 2023 டிசம்பரிலும் இந்தப் பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதற்கு மழை மட்டும் காரணம் இல்லை. சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் ஆகிவிட்டது, வெளியேறும் வாயும் குறுகல். 2022ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் தகுதி (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது நல்ல விஷயம், ஆனால் அதற்குள் கையில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை, தண்ணீர் இத்தனை இருந்தும் குடிக்க லாரித் தண்ணீர்தான். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு.

காரப்பாக்கம் குடித்தனக்காரன்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சிவில் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று மாலையே மடுவுப் பாலத்தில் இறங்கி நின்று பார்த்தேன். ஒரு பக்கம் மெட்ரோ தகரத் தடுப்பு, இன்னொரு பக்கம் பச்சைப் பாயாக ஆகாயத்தாமரை, அதன் மேல் நாரை ஒன்று நடந்துபோகிறது. தினமும் பைக்கில் கடந்த இடம்.

கண்டக்டர் ஐயாவுக்கு இரண்டு கேள்வி. பக்கிங்காம் கால்வாயில் படகு போய் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், பூஞ்சேரி வரை முழுதாக ஒரு தடவை சைக்கிளில் போக ஆசை. எந்த இடத்தில் நின்று பார்க்கலாம்?

ரிட்டயர்டு கண்டக்டர்:

பார்த்திருக்கிறேன், ஆனால் பையனாக இருந்தபோது. எங்கள் அத்தை வீடு கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில். விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு தட்டையான படகுகள் வரும். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் ஆள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார். 1877-78 பஞ்சத்தில் வேலை கொடுப்பதற்காக நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய துண்டு இருக்கிறதே, அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதிலிருந்துதான் முழுக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது என்று எங்கள் பள்ளி வாத்தியார் சொல்வார். லாரி பெருகியதும் படகு குறைந்தது. புயலும் சேறும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

சைக்கிளில் போவதானால் இருட்டோடு கிளம்புங்கள். ஏழு மணி ஆனால் கந்தன்சாவடியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை கம்பெனி பஸ்ஸும் மெட்ரோ லாரியும் சேர்ந்து உங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடும். கேளம்பாக்கத்தில் இடதுபக்கம் கோவளம் ரோட்டில் கொஞ்சம் உள்ளே போனால் இரண்டு பக்கமும் காயல். பனிக்காலத்தில் பறவைகள் இறங்கியிருக்கும். திரும்பி வந்து நேராகத் திருப்போரூர். சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் குளமும் கோயிலும் ஒரே இடத்தில். கோயிலைக் கட்டிய சிதம்பர சுவாமிகளுக்குப் பனைமரத்தடியில் முருகன் கிடைத்தார் என்பது ஊர்க் கதை, அர்ச்சகரிடம் கேட்டால் இன்னும் நீளமாகச் சொல்வார்.

ஆலத்தூரில் மருந்து கம்பெனிகள், அங்கே நிற்க ஒன்றும் இல்லை. பையனூர் தாண்டியதும் வண்டி குறையும், ஆனால் குறைவதால் வருகிறவை வேகமாக வரும். பூஞ்சேரி கூட்டு ரோட்டில் உங்கள் 49ஏ முடிந்துவிடும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டுக்கும் ரோடு பிரிகிறது, மாமல்லபுரம் கூப்பிடு தூரம்தான்.

சைக்கிள் மக்கர் பண்ணினால் திரும்ப 515 பிடியுங்கள், திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகத் தாம்பரம் போகும். கேளம்பாக்கத்தில் இறங்கினால் 19பி கிடைக்கும். சைக்கிளை ஏற்றுவாரா மாட்டாரா என்பது கண்டக்டரைப் பொறுத்தது. நானாக இருந்தால் ஏற்ற மாட்டேன்.