பக்கிங்காம் கால்வாய்க் கரை ஊரின் வரலாறு: எங்கே தொடங்குவது?

இடைக்கழிநாட்டான்:
வணக்கம். கடப்பாக்கம் பக்கத்தில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஊர் வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சடிக்கலாம் என்று பேச்சு. எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. "1878-இல் பக்கிங்காம் பிரபு வெட்டிய கால்வாய்" என்று முதல் வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. ஊரில் கோட்டையும் இல்லை, கல்வெட்டுள்ள கோயிலும் இல்லை. எதைத்தான் எழுதுவது?

கடலோரத்தான்:
கோட்டை இல்லையா? ஆலம்பரை பக்கத்தில்தானே இருக்கிறது! 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-இல் ஆங்கிலேயர் இடித்தது. அதை முன்னால் போடுங்கள், எடுப்பாக இருக்கும்.

உப்பளத்தார்:
ஆலம்பரை ஒரு பத்திக்குச் சரி தம்பி. ஆனால் அது பக்கத்து ஊர்ச் சொத்து. பழம்பெருமைதான் வேண்டுமென்றால் சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரே இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர் என்று எழுதுங்கள், பிரெஞ்சுக்காரனெல்லாம் நேற்று வந்தவன்.

முதலில் அந்த 1878-ஐத் திருத்துங்கள். அது பெயர் வைத்த வருஷம். 1806-இலேயே பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிவிட்டார். 1837-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியது. 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள்தான் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்ததால் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. மண் சுமந்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை 420 கி.மீ. என்கிறார்கள். அத்தனையும் வெட்டியது என்று நினைக்காதீர்கள். கடலோரத்தில் ஏற்கெனவே கிடந்த உப்பங்கழிகளை ஒன்றோடொன்று கோத்துவிட்ட வேலை அது. உங்கள் பக்கம் தண்ணீர் உப்புக் கரிப்பது அதனால்தான்.

உங்கள் புத்தகத்துக்கு உயிர் படகுப் போக்குவரத்துதான். எங்கள் அப்பா சவுக்கு வியாபாரி. தோப்பில் வெட்டிய விறகைக் கட்டுக் கட்டாகக் கரைக்கு இறக்கி, அடி தட்டையான படகில் ஏற்றிச் சென்னை விறகுத் தொட்டிகளுக்கு அனுப்புவார். உப்பும் அப்படித்தான் போனது. காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவர் கரையில் நடந்தபடி கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார், இன்னொருவர் படகில் நின்று கழி ஊன்றுவார். கயிறு பட்டுப் பட்டு, இழுக்கிறவர்களின் தோளில் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். நான் பையனாக இருந்தபோது பார்த்தது. தண்ணீர் குறைந்த கோடையில் ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும்வரை படகு தரைதட்டி நிற்கும். அந்த நேரத்தில் கரையில் சோறு பொங்கி, சீட்டாடி, சண்டை போட்டு... ஊரில் பாதிக் கதை அங்கே பிறந்ததுதான்.

லாரியும் சாலையும் வந்தன. அறுபதுகளிலும் 1976-இலும் அடித்த புயல்கள் கரையை உடைத்தன, மணல் தூர்ந்தது, அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2008-இல் தேசிய நீர்வழி எண் 4-இல் இதையும் சேர்த்தார்கள். எங்கள் பக்கம் நான் இன்னும் ஒரு சரக்குப் படகைப் பார்க்கவில்லை.

இடைக்கழிநாட்டான்:
ஐயா, மிக்க நன்றி. "படகுத்துறை மேடு" என்று எங்கள் ஊரில் ஓர் இடம் உண்டு, இப்போது முள்காடு. அதுவாக இருக்குமோ? எப்படி உறுதி செய்வது?

கடலோரத்தான்:
சுனாமியையும் விட்டுவிடாதீர்கள். 2004-இல் பல ஊர்களில் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டது இந்தக் கால்வாய்தான்.

உப்பளத்தார்:
இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் (ஊரின் நிலக் கணக்கு) அந்தச் சர்வே எண் என்ன புறம்போக்கு என்று பாருங்கள். பழைய நில அளவை வரைபடம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். 1879-இல் வந்த செங்கல்பட்டு மாவட்ட மேனுவல் என்ற மாவட்ட விவர நூலையும் ஒரு புரட்டு புரட்டுங்கள். ஆனால் காகிதம் எங்கும் ஓடிவிடாது. எண்பது வயது தாண்டியவர்களை முதலில் போய்ப் பாருங்கள். "கால்வாய் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் வாய் திறக்க மாட்டார்கள். யார் யார் வீட்டில் படகு இருந்தது, ஒரு நடைக்கு என்ன கூலி என்று கேளுங்கள். முள்ளை வெட்டினால் மேட்டில் பழைய செங்கல் படிக்கட்டு தெரிகிறதா என்று படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.