மேகி 2015: கோளாறு ஆய்வகத்திலா, மக்கள் தொடர்பிலா?

வைகைக்கரையான்:
மேகி நூடுல்ஸ் விவகாரத்தை மக்கள் தொடர்பின் (பி.ஆர்.) தோல்வி என்று பாடம் நடத்துகிறார்கள். நடந்தது இதுதான்: 2015 ஜூன் 5 அன்று மேகியின் ஒன்பது வகைகளையும் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஈயம் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு) வரை இருக்கலாம் என்பது அப்போதைய வரம்பு. உத்தரப் பிரதேச மாதிரியில் 17.2 என்று அறிக்கை வந்திருந்தது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து, அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபரிசோதனை செய்யச் சொன்னது. ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. நவம்பரில் மேகி திரும்ப வந்துவிட்டது. கோளாறு ஆய்வகத்தில். இதைப் போய் பி.ஆர். தோல்வி என்று பாடம் நடத்துவது தவறு.

செங்காந்தள்:
ஈயத்தை மட்டும் பார்க்கிறீர்கள். பாக்கெட்டில் 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்றும் ஒரு வரி இருந்தது. எம்.எஸ்.ஜி. என்பது மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டி. தனியாக அதைச் சேர்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் மசாலாவில் இருக்கும் நிலக்கடலைப் புரதம், வெங்காயத் தூள், கோதுமை மாவு வழியாகவே குளுட்டமேட் வந்துவிடும். சோதனையில் இது வேறு, அது வேறு என்று பிரித்துத் தெரியாது. வாங்குபவரோ 'சேர்க்கவில்லை' என்பதை 'இல்லை' என்றுதான் படிப்பார். அச்சுக்குப் போகும் முன்பே இதைச் சொல்லித் தடுப்பதும் மக்கள் தொடர்பு வேலைதான். பிற்பாடு அந்த வரியை நிறுவனமே எடுத்துவிட்டது.

அப்புறம் மௌனம். மே கடைசியிலேயே டிவி விவாதங்கள் சூடாகிவிட்டன. நெஸ்லேயின் உலகத் தலைவர் பால் புல்க்கே டெல்லியில் நிருபர்கள் முன் உட்கார்ந்தது ஜூன் 5 அன்று, தடை வந்த அதே நாளில்.

வைகைக்கரையான்:
சோதனை முடிவு கையில் இல்லாமல் என்ன பேசுவது? அவசரத்தில் சொன்ன ஒரு சொல் நாளைக்கு நீதிமன்றத்தில் எதிராக வந்து நிற்கும்.

செங்காந்தள்:
தெரியாததைச் சொல்ல வேண்டாமே. முதல் பிரஸ் நோட்டுக்கு ஐந்து வரி போதும்: புகார் என்ன, எந்த பேட்ச், எங்கே சோதனைக்குப் போயிருக்கிறது, வீட்டில் இருக்கும் பாக்கெட்டை என்ன செய்வது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. ஐந்து வரியை வக்கீல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துக் கொடுத்துவிடலாம். பலர் சறுக்குவது கடைசி வரியில். மாலை 6 மணி என்று சொல்லிவிட்டு, முடிவு வரவில்லை என்பதால் பேசாமல் இருந்துவிடுவார்கள். 'இன்னும் வரவில்லை, நாளைக் காலை 10 மணிக்குச் சொல்கிறோம்' என்றாவது 6 மணிக்குச் சொல்ல வேண்டும். 1982இல் டைலெனால் என்ற வலி நிவாரணியில் விஷம் கலக்கப்பட்ட விவகாரத்தில், அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் மக்களோடு பேசிக்கொண்டே இருந்தது.

முகிலரசி:
டைலெனாலை இதோடு ஒப்பிட முடியாது. சிகாகோ வட்டாரத்தில் யாரோ கேப்சூல்களில் சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். தவறு நிறுவனத்துடையது அல்ல என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பேச்சு மட்டும் அதைக் காப்பாற்றவும் இல்லை. சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள், 10 கோடி டாலருக்கு மேல் செலவானது, பிரித்தால் தெரிந்துவிடும்படி மூன்று அடுக்கு முத்திரையோடு மறுபடி விற்றார்கள். செயல் இல்லாத பிரஸ் நோட் வெறும் காகிதம்.

பிரஸ் நோட் விஷயத்தில் வாசகர்களும் கவனிக்க வேண்டும். இரண்டு நாளிதழ்களில் ஒரே செய்தி ஒரே வாக்கியங்களோடு வந்து, எதிர்த்தரப்புக் குரல் ஒன்றுகூட இல்லையென்றால், அது பெரும்பாலும் நிறுவனம் அனுப்பிய குறிப்பேதான். திறப்பு விழா, விருது, 'ஆய்வில் தகவல்' வகைச் செய்திகளில் இது அதிகம்.

வைகைக்கரையான்:
லேபிள் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், செங்காந்தள். ஆனால் அந்த ஐந்து வரியை ஆணையத்திடமும் கேளுங்கள். எந்த ஆய்வகம், அதற்கு அங்கீகாரம் உண்டா, எந்த பேட்ச் என்று தடை அறிவித்த அன்றே மக்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டாமா?