ஏப்ரல் வெயிலில் ஏரி ட்ரவுட்: ஃப்ளையை எந்த ஆழத்தில் இறக்குவது?

தேயிலைச்சாரல்:
இடம் மூணாறு மலையில் தேவிகுளம் பக்கத்து ஏரி. ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டின போலி இரை) போட்டு ட்ரவுட்னு சொல்ற குளிர்தண்ணி மீன் பிடிக்கிறேன். அனுமதிச் சீட்டு வாங்கியாச்சு. விடியக்காலை மீன் மேல வந்து வளையம் போடுது. வெயில் ஏறினதும் ஒரு இழுப்பும் இல்லை. 9 அடி ராடு, 5ஆம் நம்பர் எடை மிதக்கும் லைன், 9 அடி லீடர் (லைன் நுனியில் கட்டுற மெல்லிய நரம்பு), 6எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டுற கடைசித் துண்டு; எக்ஸ் எண் கூடினா மெல்லிசு). ஃப்ளை மாத்தி மாத்திப் போட்டும் பலனில்லை. மதியம் கரையோரத் தண்ணி 21 டிகிரி. சிங்கிங் லைன் (தண்ணியில் மூழ்குற லைன்) வாங்கியே ஆகணுமா? தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

மறையூரான்:
கோளாறு ஃப்ளையில் இல்லை, ஆழத்தில்தான். ரெயின்போ ட்ரவுட்டுக்குத் தோதான சூடு 10 முதல் 16 டிகிரி. வெயிலில் மேல்தண்ணி சூடாகி லேசாகி மேலேயே நிற்கும், மீன் கீழே இறங்கிடும். அதுக்காக அடிமட்டத்துக்கும் போகாதீங்க. சருகு மக்கி அங்கே ஆக்சிஜன் குறைஞ்சிருக்கும். நடுவில் குளிரும் காத்தும் சேர்ந்து கிடைக்கிற அடுக்குதான் உங்க இடம். ஓடை வந்து விழுற வாய் இருந்தா முதல்ல அங்கே போடுங்க.

அடுக்கைக் கண்டுபிடிக்க, தக்கை அடைச்ச சின்னப் பாட்டிலில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயித்தில் இறக்குங்க. தக்கையில் தனி நூல் கட்டியிருக்கணும். வேண்டிய ஆழம் வந்ததும் நூலைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணி பாட்டிலில் நிறையும். மேலே வந்ததும் உடனே தெர்மாமீட்டரை விடுங்க. வெறும் தெர்மாமீட்டரை இறக்கினால் இழுத்து வர்றதுக்குள்ள அளவு மாறிடும்.

குண்டளைக்கரை:
சிங்கிங் லைன் வாங்குறதா இருந்தா, மூழ்குற வேகத்தில் டைப் 3 போதும். வினாடிக்குச் சுமார் 3 அங்குலம் இறங்கும். வீசினதும் வினாடிக்கு ஒண்ணா 40 எண்ணினால் 10 அடி. 20இல் ஆரம்பிச்சு ஒவ்வொரு வீச்சுக்கும் 5 கூட்டுங்க. எந்த எண்ணில் கடிக்குதோ அதையே பிடிச்சுக்கோங்க. லீடரை 4, 5 அடியாக் குறைங்க. நீள லீடர் போட்டால் லைன் கீழே போகும், ஃப்ளை மேலேயே தொங்கும். ராடு நுனி தண்ணியைத் தொட்டபடி இருக்கணும். தூக்கிப் பிடிச்சா லைன் தொய்ஞ்சு, கடி கைக்குத் தெரியாது. ஃப்ளைக்கு 10ஆம் நம்பர் முள்ளில் கட்டின ஆலிவ் நிற வூலி பக்கர் (இறகு வால் வச்ச ஃப்ளை) போட்டு, லைனை விரலில் சுருட்டி மெதுவா இழுங்க.

கயல்:
வாங்கியே ஆகணும்னு இல்லை. மிதக்கும் லைனிலேயே லீடரை 12 அடியாக்கி, மேலே மிதவை வச்சு, 14ஆம் நம்பர் கைரோனமிட் (கொசு மாதிரி இருக்கிற சின்னப் பூச்சி) கூட்டுப்புழு ஃப்ளையைத் தொங்க விடலாம். லேசான அலை இருந்தாலே போதும், ஃப்ளை தானா ஏறி இறங்கும். மிதவை அரை அங்குலம் நகர்ந்தாலும் ராடைச் சுண்டிடுங்க. ஆழம் 12 அடியைத் தாண்டினால் வீசுறது சிரமம். அங்கே மறையூரான் சொன்ன அடுக்குக்கு சிங்கிங் லைன்தான் சரி.

மறையூரான்:
இன்னொண்ணு, 6எக்ஸை மாத்திடுங்க. மெல்லிய டிப்பெட்டில் மீனோட ரொம்ப நேரம் மல்லுக்கட்ட வேண்டி வரும். 4எக்ஸ் கட்டி, தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கிற எதிர்முள்ளை நசுக்கிட்டு, மீனைச் சீக்கிரம் கரை சேர்த்திடுங்க. இந்த உயரத்தில் தண்ணியில் கரையுற ஆக்சிஜன் கடலோரத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, திருப்பி விட்டாலும் களைச்ச மீன் தேறாது. குளிர் அடுக்கில் பிடிச்சதை 21 டிகிரி மேல்தண்ணியில் வச்சுக்கிட்டு போட்டோ எடுத்தா, நீந்திப் போற மாதிரி தெரிஞ்சாலும் அப்புறம் சாகும். கையை நனைச்சு, தண்ணிக்குள்ளேயே முள்ளை எடுங்க. மேல்தண்ணி 20ஐத் தொட்டதும் ராடைச் சுருட்டிடுங்க. விடிஞ்சு முதல் இரண்டு மணி நேரம்தான் இந்த மாசத்துக்கு நியாயமான நேரம்.