68 மாடல் அம்பாசிடருக்குப் பின் டயர்: பழைய 5.90-ஆ, ரேடியலா, அகல டயரா?

காங்கேயத்துக்காரன்:
வணக்கமுங்க. அப்புச்சி வாங்கின அம்பாசிடர் மார்க் 2, 1968 மாடல், இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. நாலு சக்கரத்திலும் 5.90-15 நைலான் டயர், அதாவது ரேடியலுக்கு முந்தைய, உள்ளே நூலடுக்கு குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை. முன் டயர் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பின் டயர் இரண்டிலும் பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்துவிட்டது. டயர் கடையில் கேட்டால், "5.90 தேடி அலைய வேண்டாம், இன்னோவா சைஸ் 205/65 ஆர் 15 போட்டுக்குங்க, ரிம் 15 அங்குலம்தானே" என்கிறார். என் மச்சான் பொலிரோ சைஸ் 215/75 ஆர் 15 போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கலாம் என்கிறார். இடித்தால் மட்கார்டு விளிம்பைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமாம்.

வண்டி சும்மா நிற்பதில்லை. பொள்ளாச்சித் தோட்டத்துக்குப் போய் டிக்கி நிறையத் தேங்காயோடு வரும். வருஷம் ஒருமுறை குடும்பத்தோடு வால்பாறை ஏறும். பின்னால் ஒரு நாள் விண்டேஜ் பதிவும் வாங்க ஆசை. பின் இரண்டுக்கு எதைப் போடலாம்?

பல்லடம் காத்தாடி:
கடைக்காரர் சொல்வதில் தப்பில்லைங்க. 205/65 எந்த ஊரிலும் கிடைக்கும். ராத்திரி தாராபுரத்தில் டயர் போனாலும் காலையில் மாற்றிவிடலாம். இந்தக் காருக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் அகலமாக இருந்தால் மழையில் நமக்கு நல்லதுதானே? பழைய கார் என்பதற்காகப் பழைய டயரின் பிடிப்போடு குழந்தைகளை ஏற்றிப் போவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பழமையைவிடப் பாதுகாப்பு முக்கியம்.

பொள்ளாச்சிப் பட்டறை:
பாதுகாப்பு என்றுதான் நானும் சொல்ல வருகிறேன், அதனால்தான் 205 வேண்டாம் என்கிறேன். 15 அங்குலம் என்பது ரிம்மின் விட்டம் மட்டும். அகலம் என்று ஒன்று இருக்கிறது. 205/65 டயருக்குக் குறைந்தது ஐந்தரை அங்குல அகல ரிம் வேண்டும். பழைய அம்பாசிடர் ரிம் அதைவிடக் குறுகல். குறுகின ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே இறுக்கப்பட்டு நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். அகலமாக ரப்பர் ரோட்டைத் தொடும் என்று நினைத்துப் போட்ட டயர் நடுவில் மட்டும் தேயும். திருப்பத்தில் பக்கச்சுவர் நெளியும். காற்று குறைந்த நேரத்தில் ஓரம் ரிம்மை விட்டு நழுவவும் வாய்ப்பு உண்டு. பிடிப்பு எங்கே கூடியது?

அடுத்தது உயரம். 5.90-15 டயரின் மொத்த விட்டம் சுமார் 665 மில்லிமீட்டர். 205/65 ஆர் 15 போட்டால் 647 தான். 215/75 ஆர் 15 போட்டால் 703. கணக்கு சுலபம்: 205/65 ஆர் 15 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ஆர் என்பது ரேடியல். அகலத்தை அந்தச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம்மின் 15 அங்குலத்துக்கு 381 சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் பின் சக்கரம்தான் ஓட்டும் சக்கரம், ஸ்பீடோமீட்டர் கேபிளும் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. அதனால் பின் டயர் விட்டம் மாறினால் முள் பொய் சொல்லும். 215 போட்டு முள் 60 காட்டும்போது நிஜ வேகம் 63-க்கு மேல்.

என் கை 175/80 ஆர் 15 பக்கம்தான் நீளும். விட்டம் 661. பழசுக்கும் அதற்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. நாலரை அங்குல ரிம்மிலும் உட்காரும்.

தாராபுரம் ரோடு:
நான்தான் அந்த மச்சான். 215 சொன்னதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லைங்க. தேங்காய் ஏற்றினால் இந்த வண்டி பின்னால் உட்கார்ந்துவிடுகிறது, ஹெட்லைட் வெளிச்சம் மரக்கிளையில் அடிக்கிறது. டயர் உயரமானால் பின்பக்கம் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் எழும். தோட்டத்து வண்டித்தடத்தில் சைலன்சர் தட்டாது. சுமை தாங்கும் திறனும் பழைய டயரைவிட அதிகம். வெட்டுவது உள்மடிப்பைத்தான், வெளியே தெரியாது.

பொள்ளாச்சிப் பட்டறை:
தம்பி, பாரம் ஏற்றினால் உட்காருகிறது என்றால் பட்டை ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பட்டையைக் கழற்றி வளைவு கொடுங்கள், இல்லை மாற்றுங்கள். ஸ்பிரிங்கின் நோய்க்கு டயரில் மருந்து தேடாதீர்கள். தளர்ந்த பட்டையில் பெரிய டயர் மாட்டினால் பாரத்தில் மட்கார்டுக்குள் உரசும். உரசுகிற டயர் மலைரோட்டில் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வால்பாறையையும் யோசியுங்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. 1489 சிசி இன்ஜின், புதிதாக இருந்தபோதே சுமார் 50 குதிரைசக்தி. அதற்கு டயர் விட்டத்தை 6 சதவீதம் கூட்டினால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்குக் கனமாகும். இரண்டாவதில் ஏறுகிற இடத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும். கிளட்ச் கருகும்.

இன்னொன்று, இந்தக் காரில் பின் மட்கார்டு சக்கரத்தின் மேல்பகுதியை மூடியபடி இறங்கி வரும். சரியான சைஸ் டயரையே பாடியை நன்றாகத் தூக்கினால்தான் வெளியே எடுக்க முடியும். 215 பஞ்சரானால் ஒன்பதாவது வளைவில் நின்றுகொண்டு எப்படிக் கழற்றுவீர்கள்?

ஈரோட்டுப் பழைய வண்டி:
இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. விண்டேஜ் பதிவு வேண்டும் என்கிறவர் ரேடியல் பேச்சே எடுக்கக் கூடாது. நாலும் 5.90-15 நைலான். தேடினால் கிடைக்கும், காத்திருந்து வாங்குங்கள். உயரமான, மெலிந்த அந்த டயரோடுதான் அம்பாசிடரின் பக்கவாட்டுத் தோற்றம் வரையப்பட்டது. கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய்ப் பழைய கார்களின் சக்கரங்களைப் பாருங்கள், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாமே அந்த டயருக்காக அமைக்கப்பட்டவை.

பல்லடம் காத்தாடி:
அண்ணா, விதியைப் படித்துவிட்டுச் சொல்லுங்க. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தில் விண்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. டயர் என்று அதில் இல்லை. ரேடியல் போட்டதற்காக விண்டேஜ் வண்டிக்குத் தரும் வி.ஏ. எண் மறுக்கப்படும் என்று பயமுறுத்த வேண்டாம்.

ஈரோட்டுப் பழைய வண்டி:
அதே விதியில் பாடி என்று இருக்கிறதல்லவா, அப்படியானால் மட்கார்டை வெட்டும் யோசனையை இன்றே விட்டுவிடச் சொல்லுங்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த எண் வாங்கினால் வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவ்வளவுதான். தேங்காய் ஏற்றிக்கொண்டு வி.ஏ. எண்ணோடு போக முடியாது. காங்கேயத்துத் தம்பி முதலில் அதை முடிவு செய்யட்டும்.

நாமக்கல் பாடி:
எங்கள் பக்கம் வந்தால் ரீட்ரெட் பண்ணித் தருவார்களே, நைலான் டயர்தானே?

பொள்ளாச்சிப் பட்டறை:
தேய்ந்த டயருக்கு அது சரி. இது பக்கச்சுவர் வெடித்த டயர், கூடே போய்விட்டது. மேலே புது ரப்பர் ஒட்டி ஒன்றும் ஆகாது.

காங்கேயத்துக்காரன்:
ரிம் அளந்தேன். டயர் உட்காரும் உள்பக்கம், விளிம்புக்கு விளிம்பு நாலரை அங்குலம். அப்படியானால் 205, 215 இரண்டும் போய்விட்டன. மச்சானும் சரி என்றுவிட்டார், பட்டை வேலைக்கு ஆள் பார்க்கிறார். இப்போது ஒரே சந்தேகம்: முன்னால் நைலான் இருக்க, பின்னால் மட்டும் 175/80 ரேடியல் போடலாமா?

பொள்ளாச்சிப் பட்டறை:
போடலாம், ஆனால் அந்த வரிசையில் மட்டும். கலந்து போடுவதென்றால் ரேடியல் எப்போதும் பின்னால்தான். ஒரே அச்சில் ஒன்று நைலான், ஒன்று ரேடியல் கூடவே கூடாது. காரணம் இதுதான்: திருப்பத்தில் நைலான் டயர் பக்கவாட்டில் அதிகம் விலகும், ரேடியல் குறைவாக விலகும். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று மாற்றிப் போட்டால் வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், வண்டி சுற்றிவிடும். ரேடியல் பின்னால் இருந்தால் முன்பக்கம்தான் முதலில் லேசாக வெளியே தள்ளும், ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் கைக்குள் வந்துவிடும்.

பல்லடம் காத்தாடி:
வரிசை சரிதான், ஆனால் எதற்கு இந்த அரைகுறை? ஆடி மாசம் பல்லடம், உடுமலை ரோட்டில் காற்றாலைகளைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கத்திலிருந்து அறையும்போது முன்னால் நைலான் இருக்கிற வண்டி தடம் தேடித் தேடி அலைகிறது. காசு பிரச்சினை என்றால் முதலில் பின் இரண்டு, அடுத்த மாசமே முன் இரண்டு. என் கட்சி இப்போது நாலும் 175 ரேடியல். 205-ஐ ரிம் அளவுக்காக விட்டுவிட்டேன், ரேடியலை விட மாட்டேன்.

வால்பாறை ஜீப்:
இதைப் படித்துவிட்டு ஜீப்புக்காரர்கள் யாரும் பின்னால் மட்டும் சைஸ் மாற்றிவிட வேண்டாம். என்னுடைய பழைய மஹிந்திராவில் நாலும் 6.00-16. நாலு சக்கர ஓட்டத்தில் போடும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், வேக வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. விட்டம் வேறானால் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிப் பல் போய்விடும். அம்பாசிடருக்கு அந்தக் கவலை இல்லை.

ஈரோட்டுப் பழைய வண்டி:
எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் நாலு இலக்கத்தைப் படித்து வாங்குங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் தயாரித்தது. அரிய சைஸ் என்று கடையில் வருஷக்கணக்கில் கிடந்த டயரைப் புதுசு என்று தள்ளிவிடுவார்கள். இதில் நைலானும் ஒன்றுதான், ரேடியலும் ஒன்றுதான். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை.

பல்லடம் காத்தாடி:
நைலான் ராத்திரி நின்ற இடத்தில் தட்டையாகிக் காலையில் தடதடவென்று ஓடுவதையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணா.

ஈரோட்டுப் பழைய வண்டி:
கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறினால் அது சரியாகிவிடும். அதற்காக அந்தக் காரின் உருவத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொள்ளாச்சிப் பட்டறை:
காங்கேயத்துத் தம்பிக்கு: பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை. முன் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, சரியான காற்றோடு, வண்டியை ஒரு சுற்று தள்ளித் தரையில் அளந்துகொள்ளுங்கள். புது டயரைப் பின்னால் மாட்டியபின் அதே போல அளந்து ஒப்பிடுங்கள், விட்டக் கணக்கு பேப்பரில் சொல்வது ரோட்டில் தெரிந்துவிடும். உள்ளே ரேடியலுக்கான ட்யூப்தான் போட வேண்டும், பழைய நைலான் ட்யூபை எடுத்து மாட்ட விடாதீர்கள். ரிம்மை மணல் அடித்து, சக்கரத்தை மாட்டும் ஆணி ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே டயர் ஏற்றுங்கள். ஸ்டெப்னி நைலானாகவே இருக்கட்டும் என்றால் முறைப்படி அது முன்னால் மட்டும் போகும். பின்னால் பஞ்சரானால், வேறு வழியில்லாத அவசரத்துக்கு மட்டும், அதை மாட்டிப் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போங்கள், மலை இறங்காதீர்கள்.