ஃபார்மேட்டருக்குத் தமிழ்ச் சொல்: ‘சீர்பிரிப்பி’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சி குடும்ப நிரல்மொழிகளுக்கான ஃபார்மேட்டர், அதாவது எழுதிய நிரலின் இடைவெளிகளையும் வரிகளையும் ஒழுங்குபடுத்தும் கருவி, அதன் அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கங்களைத் தமிழாக்கும் பணி முதல் சொல்லிலேயே முட்டி நிற்கிறது. அந்தக் கருவியை என்னவென்று அழைப்பது? இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: வடிவமைப்பி, அழகூட்டி, சீரமைப்பி, நிரல்திருத்தி. நான்கையும் வரைவில் மாற்றி மாற்றி இட்டுப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் எனக்கு ஒப்பவில்லை. ஐந்தாவதாக ‘சீர்பிரிப்பி’ என்பதை முன்வைக்கிறேன். ஏன் என்று சற்று விரிவாகவே சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா ஒருவர் “ஃபார்மேட்டர் என்றே தமிழெழுத்தில் எழுதினால் என்ன குறை?” என்று கேட்டிருந்தார். பெயர்ச்சொல் ஒன்று மட்டும் போதும் என்றால் குறையில்லை. ஆனால் இந்தப் பக்கங்களில் வினைதான் அதிகம் வருகிறது. ‘மாற்றிய வரிகளை மட்டும் ஃபார்மேட் செய்’, ‘ஃபார்மேட் செய்யப்படாத கோப்பு’, ‘ஃபார்மேட் செய்தபின் மீண்டும் ஃபார்மேட் செய்தால்’ என்று பத்து வரி எழுதிப் பாருங்கள், ஐயா. சொல் தமிழில் கிளைக்க மறுக்கிறது. வேர் நம்முடையதாக இருந்தால் வினை, எச்சம், எதிர்மறை எல்லாம் தாமாகவே முளைக்கும்.

கருவி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சி, சி++, ஜாவா போன்ற மொழிகளில், நிரலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் தொகுப்பிக்கு (கம்பைலருக்கு) வெற்றிடம் பெரும்பாலும் பொருட்டே அல்ல. ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) முழுவதையும் ஒரே வரியில் எழுதினாலும் நாற்பது வரிகளில் பரப்பினாலும் கிடைக்கும் நிரல் ஒன்றே. படிக்கும் மனிதருக்கு அப்படியல்ல. ஆகவே ஃபார்மேட்டர் அடிப்படையில் சொற்களைத் தொடாமல் அவற்றுக்கு இடையிலுள்ள வெளியை மட்டும் மாற்றுகிறது. எங்கே இடைவெளி விடுவது, எங்கே வரியை முறிப்பது, எவ்வளவு உள்தள்ளுவது என்பதுதான் அதன் வேலை. எதைத் தொடாமல் விடுகிறது என்பதில்தான் அதன் நேர்மை இருக்கிறது. பெயரும் அதைச் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த அளவுகோலில் முன்னைய நான்கையும் வைத்துப் பார்க்கிறேன். வடிவமைப்பு என்ற சொல்லை டிசைனுக்குக் கொடுத்து முடித்துவிட்டோம். ‘நிரல் வடிவமைப்பி’ என்றால் நிரலின் கட்டமைப்பைத் திட்டமிடும் ஒருவரையே வாசகர் நினைப்பார். சீரமைப்பி என்றால் பழுதானதைச் செப்பனிடுவது. நிரலின் உள்ளமைப்பை மாற்றி எழுதுவதற்கு மறுசீரமைப்பு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நிரல்திருத்தி என்பது நாம் தட்டச்சு செய்யும் எடிட்டர்.

அழகூட்டியோடு எனக்கு இருப்பது சொற்குழப்பம் அல்ல. அது இந்த வேலையை ஒப்பனையாகக் காட்டுகிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின், பாதுகாப்பான இணையத் தொடர்புக்குரிய நிரலில் வெளிவந்த பிழையை நினைத்துப் பாருங்கள். அடைப்புக்குறி இல்லாத ஒரு நிபந்தனைக்குக் கீழே ‘தோல்விக்குத் தாவு’ என்னும் ஒரே கட்டளை இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளியிருந்ததால், இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவை என்று கண் நம்பியது. உண்மையில் இரண்டாவது வரி எப்போதும் இயங்கியது. கையொப்பச் சரிபார்ப்பு தாண்டிப்போனது. ஒரு ஃபார்மேட்டரை ஓட்டியிருந்தால் அந்த இரண்டாம் வரி இடப்பக்கம் நகர்ந்து, தான் நிபந்தனைக்கு வெளியே நிற்பதைக் காட்டியிருக்கும். பின்னாளில் 2016-இல் வந்த ஜிசிசி என்னும் தொகுப்பியின் 6-ஆம் பதிப்பு, ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தது. வரி எங்கே தொடங்குகிறது என்பது பாதுகாப்பையே தொடும் செய்தி. அதற்கு அழகு என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

இனி என் சொல். செய்யுளைச் ‘சீர் பிரித்து எழுதுக’ என்று பள்ளித் தேர்வில் கேட்பார்கள். ஓலைச்சுவடியில் பாட்டு இடைவெளியே இல்லாமல் ஓடும். அடி முடிந்த இடத்தில் வரி முடியாது. அதைப் படித்து அச்சிட்டவர்கள் சீர் பிரிக்கையில் சொற்களைத் தொடாமல், வெளியை மட்டும் இட்டு, பாட்டின் கட்டமைப்பைக் கண்ணுக்குக் காட்டினார்கள். குறள் வெண்பா ஒன்றை ஒரே வரியில் எழுதினாலும் நான்கும் மூன்றுமாக ஏழு சீர் பிரித்து இரண்டு வரியில் எழுதினாலும் அது அதே குறள் வெண்பாதான். ஃபார்மேட்டர் நிரலுக்குச் செய்வதும் இதுவே. யாப்பு தெரியாதவருக்கும் சீர் என்ற சொல் ‘ஒழுங்கு’ என்ற பொருளில் பழக்கமானது; எனவே முதன்முறை கேட்பவருக்கும் பாதிப் பொருள் கிடைத்துவிடும்.

யாப்பு வழியாகப் போனதில் எனக்கு இன்னும் இரண்டு சொற்கள் கிடைத்தன. அவற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

முதலாவது, அடிக்கும் வரிக்கும் உள்ள வேறுபாடு. சி குடும்ப மொழிகளுக்கான ஃபார்மேட்டர்களில் ஒன்றான கிளாங்-ஃபார்மேட் போன்ற கருவி, மூலக்கோப்பில் உள்ள வரிகளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. முதலில் எல்லா முறிவுகளையும் அழித்து, ஒரு கூற்றை, அதாவது நிரலின் ஒரு வாக்கியத்தை, முறியாத ஒரே நீள்வரியாகக் கருதுகிறது. பிறகுதான் அதை எங்கே மடக்குவது என்று தேடுகிறது. இந்த முறியாத வரிக்கும் திரையில் தெரியும் வரிக்கும் இரண்டு பெயர் வேண்டும். நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பாட்டின் கட்டமைப்பில் உள்ளது அடி. தாளில் எழுதப்படுவது வரி. நீண்ட விருத்தத்தின் ஓர் அடி பக்க அகலத்தில் அடங்காவிட்டால், அதை மடக்கி அடுத்த வரியில் சற்று உள்தள்ளி அச்சிடுவது நம் நூல்களில் வழக்கம். தொடர்வரி உள்தள்ளல் என்று இந்தப் பக்கங்களில் வருவதும் அதுவேதான்.

இரண்டாவது, வகையுளி. ஓசைக்காகச் சீர் பிரிக்கையில் ஒரு சொல் நடுவில் உடைந்து, பாதி முதற்சீரிலும் மீதி அடுத்த சீரிலும் விழுவதுண்டு. இலக்கணம் அதை ஏற்றாலும் பொருள் பார்த்துப் படிப்பவர் அங்கே தடுக்குவார். ஃபார்மேட்டரும் இதே இக்கட்டில்தான் நாளெல்லாம் இருக்கிறது. 80 எழுத்திடங்களுக்குள் அடி அடங்கவில்லை, எங்கேயாவது முறித்தாகவேண்டும், ஆனால் ஒரு கோவையின் (எக்ஸ்பிரஷனின்) நடுவில் முறித்தால் பொருள் சிதறும். கிளாங்-ஃபார்மேட் இதை எண்களால் தீர்க்கிறது. ஒவ்வொரு முறிவுக்கும் ஒரு தண்டம், அதாவது அபராத எண். எல்எல்விஎம் என்னும் தொகுப்பித் திட்டத்தின் நடையில், படிப்பவருக்கான விளக்கமாகிய குறிப்புரையை முறித்தால் 300, மேற்கோள் குறிக்குள் வரும் உரையாகிய சரத்தை முறித்தால் 1000, செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பின் வகையைத் தனி வரியில் விட்டால் 60, வரம்பைத் தாண்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் 10 லட்சம். சாத்தியமான முறிவுகளை ஒரு வலைப்பின்னலாக்கி, 1959-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட குறும்பாதை வழிமுறையால் மொத்தத் தண்டம் குறைந்த வழியைத் தேர்கிறது. பத்திகளை வரிகளாக முறிக்க 1981-இல் கணினி அறிஞர்கள் க்நூத்தும் பிளாஸும் வெளியிட்ட முறையும் இதற்கு உறவுதான். ‘பெனால்டி’ என்று தொடங்கும் அமைப்புகளை ‘முறிவுத் தண்டம்’ என்றும், தண்டம் மிகுந்த கெட்ட முறிவை ‘வகையுளி’ என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. வகையுளி அரிய சொல் என்பது உண்மை. ஆனால் ஆறு சொற்களில் விளக்கவேண்டியதை ஒரே சொல்லில் சொல்கிறது. பொருளும் சரியாகப் பொருந்துகிறது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன்.

> ‘பிரிப்பி’ என்றால் பிரிப்பது மட்டும்தானே? ஃபார்மேட்டர் தேவையின்றி உடைந்த வரிகளைச் சேர்க்கவும் செய்கிறதே.

நல்ல கேள்வி. சீர் பிரிக்கும்போதும் சேர்த்தல் உண்டு. தனித்தனியான இரண்டு சிறு சொற்கள் ஒரே சீராக அமைவதைப் பார்க்கிறோம். எது எதோடு சேர்ந்து நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பதுதான் சீர் பிரித்தல். பிரிவு அதன் விளைவு.

> பொருள் தெரியாமல் பாட்டைப் பிரிக்கமுடியாது. கருவிக்குப் பொருள் தெரியாதே?

இந்த மறுப்பே என் சொல்லுக்கு ஆதரவாகிறது. ‘செம்பொன்பதின்றொடி’ என்ற தொடரை இலக்கண ஆசிரியர்கள் காட்டுவார்கள். செம்பொன் பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா? எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது. சி மொழியில் ‘அ * ஆ;’ என்ற வரியும் அப்படித்தான். அ ஒரு தரவு வகை என்றால், ஆ என்னும் சுட்டியை (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியை) அறிவிக்கும் வரி இது. விண்மீன் குறி ஏதாவது ஒரு பக்கம் ஒட்டவேண்டும். அ ஒரு மாறி என்றால் இது பெருக்கல். இருபுறமும் இடைவெளி வேண்டும். தொகுப்பி, இத்தகைய அறிவிப்புகள் அடங்கிய தலைப்புக் கோப்புகளையெல்லாம் படித்துவிட்டு வருவதால் விடை அதற்குத் தெரியும். ஃபார்மேட்டர் ஒரே கோப்பை, அதிலும் சில நேரம் பாதி எழுதிய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊகிக்கிறது. மேக்ரோக்கள், அதாவது தொகுக்குமுன் வேறு நிரலாக விரியும் சுருக்கப் பெயர்கள், வந்தால் இன்னும் கடினம். அரைப்புள்ளி இல்லாமல் நிற்கும் ஒரு மேக்ரோ, அடுத்த அடியையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இந்தக் கருவிகளில் நடக்கும் மேம்பாட்டு வேலையில் ஒரு பகுதி இந்த ஊகத்தைக் கூர்மையாக்குவதுதான். எது சுற்று மேக்ரோ, எது கூற்று மேக்ரோ, எது வகைப்பெயர் தரும் மேக்ரோ என்று பயனரே பட்டியல் கொடுக்கும் அமைப்புகள் இதற்காகவே வந்தவை. சுவடியோடு அருஞ்சொல் பட்டியல் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பதற்கு நிகரான உதவி இது.

சொல்லை ஏற்றால் ஓர் எல்லையும் தெளிவாகும் என்பதைக் குறிப்பிடவேண்டும். இன்றைய ஃபார்மேட்டர்கள் வெளியை மாற்றுவதோடு நிற்பதில்லை. தலைப்புக் கோப்புகளை இணைக்கும் வரிகளை அகரவரிசைப்படுத்துகின்றன. கேட்டால் விடுபட்ட நெளிவு அடைப்புக்குறிகளையும் சேர்க்கின்றன. தலைப்புக் கோப்புகளின் வரிசையை நம்பியிருக்கும் நிரல், அந்த வரிசை மாறினால் தொகுக்கப்படாமலே போகலாம். எனவே வெளியை மட்டும் தொடும் அமைப்புகளைச் ‘சீர்பிரிப்பு’ என்றும், சொற்களைத் தொடும் அமைப்புகளைத் ‘திருத்தம்’ என்றும் தமிழ்ப் பக்கத்தில் இரண்டாகப் பிரித்துத் தலைப்பிடலாம். எந்த அமைப்பை அஞ்சாமல் இயக்கலாம், எதை இயக்குமுன் யோசிக்கவேண்டும் என்பது தலைப்பிலேயே தெரியும்.

இன்னொன்று, இது சொல் விவாதத்திலிருந்து சற்று விலகியது என்றாலும் நம்மை நேரடியாகத் தொடுகிறது. நிரலுக்குள் தமிழில் குறிப்புரை எழுதுகிறவர்களின் வரியகலத்தைக் கருவி எப்படி எண்ணுகிறது? ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. ஒருங்குறியில் அது 5 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். பைட்டை எண்ணும் கருவி, 27-ஆவது குறியீட்டிலேயே 80-இன் வரம்பைத் தாண்டிவிட்டதாக நினைத்துக் குறிப்புரையை முறித்துப்போடும். குறியீட்டை எண்ணினாலும் போதாது. வரியின் வலப்பக்கம் நேராக அடுக்கிய குறிப்புரைகள் கோணலாகும். திரையில் எழுத்து பிடிக்கும் அகலத்தை எண்ணவேண்டும். உயிர்மெய்யெழுத்தின் நடுவில், கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் நிற்குமாறு ஒருபோதும் முறிக்கக்கூடாது. நீங்கள் பயன்படுத்தும் கருவியில் தமிழ்க் குறிப்புரை ஒன்றை நீளமாக எழுதி ஓட்டிப் பாருங்கள். தவறாக முறிந்தால், மிகச் சிறிய எடுத்துக்காட்டோடு அந்தக் கருவியின் மேம்பாட்டாளர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்புங்கள். தமிழ் எழுதும் நாம் சொல்லாவிட்டால் இது அவர்கள் கண்ணில் படுவது அரிது.

சரி, சொல்லுக்குத் திரும்புகிறேன். ‘சீர்பிரி’ என்பது பொத்தானில் அடங்கும் அளவுக்குச் சிறியது. சீர்பிரித்தல், சீர்பிரிக்காத, சீர்பிரிப்பு நடை, மறுசீர்பிரிப்பு என்று கிளைக்கிறது. கடைசிச் சொல் மறுசீரமைப்பின் ஓசைக்கு நெருக்கமாக இருப்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது. அந்த இடத்தில் ‘மீண்டும் சீர்பிரி’ என்று விரித்து எழுதிவிடலாம்.

வரைவிலிருந்து மூன்று வாக்கியங்களைக் கீழே தருகிறேன். வேறு சொல்லை விரும்புகிறவர்கள் அதை இந்த மூன்றிலும் இட்டு எழுதி அனுப்புங்கள். அருகருகே வைத்துப் படித்துத் தேர்ந்துகொள்வோம்.

‘முந்தைய பதிவுக்குப் பின் மாறிய வரிகளை மட்டும் சீர்பிரி.’

‘சீர்பிரித்த கோப்பை மீண்டும் சீர்பிரித்தால் எந்த மாற்றமும் நிகழக்கூடாது; நிகழ்ந்தால் அது சீர்பிரிப்பியின் பிழை.’

‘கையால் அடுக்கிய எண் அணியைக் காக்க, அதற்கு முன் சீர்பிரிப்பை நிறுத்தி, பின் தொடரச் செய்யலாம்.’

அன்புடன்.